நான் இரண்டாகப் பிரித்த சபை

முதல் சபைப் பொறுப்பை ஏற்கப் புறப்படுகிற இளம் பாஸ்டர்களான உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். முப்பத்தைந்து வருட ஊழியத்தில் கட்டிய ஆலயங்களைப் பற்றி எழுதலாம். அந்த விவரமெல்லாம் கல்வெட்டிலேயே இருக்கிறது. ஒரு சபையை நானே என் கையால் உடைத்ததும் உண்டு. அதைப் பற்றி எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆகவே அதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் என்னை ஓசூருக்கு அனுப்பினார்கள். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. தொழிற்பேட்டையில் மாதத்துக்கு ஒரு புதுக் கம்பெனி வந்துகொண்டிருந்த காலம். சபையில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்து மெஷின் ஆபரேட்டர்கள், வேலூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்த என்ஜினியர்கள், உள்ளூர்க்காரர்களான சில தெலுங்கு, கன்னடக் குடும்பங்கள். பெரும்பாலானவர்களுக்கு அந்த ஊரில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் கிடையாது. உடம்புக்கு முடியாமல் போனால் கஞ்சி வைத்துத் தருகிறவரிலிருந்து ரேஷன் கார்டுக்கு சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர் வரை எல்லாம் சபைக்காரர்கள்தான்.

ஆலயம் இன்னும் கட்டவில்லை. பாகலூர் சாலையில் ஒரு மாம்பழ மண்டிக்காரரின் கிடங்கில் கூடினோம். அவர் முஸ்லிம், ஊரே அவரை பாய் என்றுதான் கூப்பிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழப்பெட்டிகளை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுப் பாய் விரிப்போம். பிரசங்க நேரத்தில் கிடங்கு முழுக்க மாம்பழ வாசம் இருக்கும்.

இரண்டு குடும்பங்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

எட்வின் வேலூர்க்காரர். மோட்டார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் என்ஜினியர். கம்பெனி குவார்ட்டர்ஸில் வீடு. சபைக்குச் செயலாளரும் அவர்தான். தேவதாஸ் சாத்தான்குளம் பக்கத்துக்காரர். அதே தொழிற்சாலையில் கடைசல் மெஷின் ஆபரேட்டர். ஜூஜுவாடியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார். ஆராதனையில் பாட்டு எடுத்துக் கொடுப்பவர் அவர். எட்வினின் மனைவி சாந்திக்குப் பிரசவமானபோது வேலூரிலிருந்து அவருடைய அம்மாவால் வர முடியவில்லை. தேவதாஸின் மனைவி புஷ்பம்தான் பத்து நாளும் ஜூஜுவாடியிலிருந்து பஸ் ஏறி வந்து, குழந்தையைக் குளிப்பாட்டி, பத்தியச் சமையல் செய்து வைத்துவிட்டுப் போனார். அந்தக் குழந்தைக்கு நான் ஞானஸ்நானம் கொடுத்தபோது கையில் ஏந்தி நின்றவரும் புஷ்பம்தான்.

அடுத்த வருடம் அந்தத் தொழிற்சாலையில் தகராறு வந்தது. ஒரு நாள் மதியம் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் ஒரு கூட்டம் ஃபோர்மேன் அறைக்குள் புகுந்து கண்ணாடியை உடைத்தது. தள்ளுமுள்ளில் ஃபோர்மேன் விழுந்து மண்டையில் அடிபட்டது. பதினோரு பேரைச் சஸ்பெண்ட் செய்தார்கள். அதில் தேவதாஸும் ஒருவர். அந்தப் புகாரில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருந்தவர் எட்வின்.

தேவதாஸ் நேராக என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அவர் ஊர்ப் பக்கம் பாஸ்டரை அய்யர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“அய்யரே, அந்நேரம் நா கேண்டீன்ல சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். சங்கத்துல முன்னாடி நின்னு பேசுதேம்லா, அதுக்கு என்னையும் சேத்துட்டாவ. மேனேஜர் எழுதுனா எழுதிட்டுப் போறாரு. எட்வின் சாரு எப்பிடிக் கையெழுத்துப் போடலாம்? அவரு என்னைப் பாக்கவே இல்லியே!”

அன்று சாயங்காலமே எட்வினைப் பார்க்கப் போனேன். அவர் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

“பாஸ்டர், இது கம்பெனி விஷயம். இதைச் சபைக்குள்ள கொண்டு வராதீங்க. வந்தா சபை ரெண்டாயிடும்.”

அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர் சொல்வதில் விவேகம் இருப்பதாக அப்போது நினைத்தேன். உண்மையில் எனக்குப் பயம். அடுத்த ஞாயிறு கிடங்குக்குள் யாராவது யார் சட்டையையாவது பிடித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஏழு மணிக்கு ஓர் ஆராதனை, ஒன்பதரைக்கு இன்னொன்று. “ஷிஃப்ட் நேரங்களுக்கு வசதியாக” என்று அறிவித்தேன். யார் எதற்கு வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ஏழு மணிக்கு என்ஜினியர்களும் ஆபீஸ்காரர்களும் வந்தார்கள். ஒன்பதரைக்குத் தொழிலாளர்கள் வந்தார்கள். ஒரே பிரசங்கத்தை இரண்டு முறை செய்தேன். சண்டை இல்லை, சத்தம் இல்லை. மாத அறிக்கையில் ‘சபையில் சமாதானம் நிலவுகிறது’ என்று எழுதி அனுப்பினேன்.

ஏழு மணி ஆராதனையில் பாட்டு எடுக்க ஆளில்லை. ஆளுக்கொரு சுருதியில் பாடினார்கள். ஒன்பதரை மணியில் பாட்டு நன்றாக இருந்தது. ஆனால் ஜெபங்கள் போகப்போகக் கசந்தன. மற்ற ஆராதனைக்காரர்களைக் கடவுளிடம் புகார் சொல்வதுபோலவே எல்லா ஜெபமும் முடியும். இரண்டு மாதம் இப்படியே ஓடியது. எல்லோரும் ஒரே அப்பத்தைப் பகிர்ந்து உண்ண வேண்டிய திருவிருந்தையும் இரண்டு முறை நடத்தினேன்.

ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக வேலை பார்த்த ஓர் அம்மா எங்கள் சபையில் இருந்தார். உள்ளூர்க்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், என்னைவிட நாலைந்து வயதுதான் கூடுதல். பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார், எழுதவில்லை. திருவிருந்துப் பாத்திரங்களைக் கழுவி வைப்பது அவர் வேலை. அந்த இரண்டு மாதமும் அவர் ஒருவர் மட்டும் இரண்டு ஆராதனைக்கும் வந்துகொண்டிருந்தார். ஒரு ஞாயிறு, கிடங்குக்குப் பின்னால் குழாயடியில் அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

“எதுக்கும்மா ரெண்டுக்கும் வந்து கஷ்டப்படுறீங்க? ஒண்ணுக்கு வந்தாப் போதாதா?”

“எதுக்குங்கய்யா வர்றது? நான் ஆபீசரும் இல்லீங்க, கம்பெனி ஆளும் இல்லீங்க. எது என் ஆராதனைன்னு நீங்களே சொல்லுங்க.”

நான் அடுத்த பாத்திரத்தை எடுத்து நீட்டினேன். அவர் கழுவுவதை நிறுத்தாமலேயே பேசினார்.

“எங்க ஊட்டுல அண்ணன் தம்பிக்குள்ள சண்டை வந்துதுங்க. மூஞ்சி குடுத்துப் பேசிக்க மாட்டாங்க. ஆனா ஒரே அடுப்பு. ஒரே சோறு. அது வரைக்கும் எங்க அப்பா கவலையே படல. ஒரு நா பெரிய அண்ணி தனியா அடுப்பு வெச்சாங்க. அன்னிக்குத்தான் அப்பா தேம்பித் தேம்பி அழுதாரு. பாகம் பிரிஞ்சுபோச்சுன்னு. இங்க அடுப்ப நீங்களே பிரிச்சு வெச்சுட்டீங்களேய்யா.”

பாத்திரத்தைத் துணியில் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

தேவதாஸ் மேல் விசாரணை ஒரு புதன்கிழமை என்று முடிவாயிருந்தது. எட்வின் வந்து “தேவதாஸைக் கூட்டத்தில் பார்த்தேன்” என்று சொன்னால் தேவதாஸின் வேலை போய்விடும். அதற்கு முந்தின ஞாயிறு திருவிருந்து ஞாயிறு. சனிக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். நாளைக்கு ஒரே ஆராதனை, எட்டரை மணிக்கு என்று சொன்னேன்.

எட்வின் தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டார். “நான் வந்து அவங்க முன்னாடி உக்காரணுமா பாஸ்டர்?”

“ஆமாம்.”

“வரலைன்னா?”

“வரலைன்னா நானே வந்து கூப்பிடுவேன். அதுவரைக்கும் ஆராதனை தொடங்காது.”

ஜூஜுவாடியில் தேவதாஸ் இன்னும் நேரடியாகவே பேசினார். “அவரு பக்கத்துல முட்டுக்கால் போட்டு நா அப்பம் வாங்கணுமாக்கும்? என் வயித்துல அடிச்சவரு அவரு.”

“போட வேண்டாம் தேவதாஸ். வந்து உக்காருங்க. அது போதும்.”

புஷ்பம் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்துவிட்டார்கள். நடுவில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடைவெளி விட்டு இரண்டு பக்கமாக உட்கார்ந்தார்கள். தேவதாஸ் பாட்டு எடுத்துக் கொடுக்கவில்லை. நானே தொடங்கினேன், சுருதி பிசகியது. ஒருவரும் சிரிக்கவில்லை. பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு மேசைக்கு வந்தேன். அப்பத்தை மூடியிருந்த துணியை எடுத்தேன். அதற்கு மேல் என்னால் போக முடியவில்லை. வாய் திறந்தால் வழக்கமான வார்த்தைகள் வரும், எல்லோரும் முழங்கால் போடுவார்கள், வாங்குவார்கள், போய்விடுவார்கள். புதன்கிழமை அதுபாட்டுக்கு நடக்கும்.

துணியை மறுபடியும் மூடினேன்.

“உங்களுக்குள்ள பேச வேண்டியது ஒண்ணு இருக்கு. நான் இங்க இருந்தா நீங்க பேச மாட்டீங்க, எனக்குப் பிரசங்கம் பண்ணத்தான் தோணும். நான் வெளிய இருக்கேன். இந்த அப்பத்தை நாம சேர்ந்து சாப்பிடலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணிட்டு என்னைக் கூப்பிடுங்க.”

அங்கியோடு வெளியே வந்து கிடங்குப் படியில் உட்கார்ந்தேன். எதிரே லாரியில் பெட்டி ஏற்றுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்த பாய் என்னைப் பார்த்து வந்தார். ஃபாதர் இல்லை, பாஸ்டர் என்று எத்தனை முறை சொல்லியும் அவர் என்னை ஃபாதர் என்றே அழைப்பார்.

“என்ன ஃபாதர், உங்களையே வெளிய அனுப்பிட்டாங்களா?”

“நானாத்தான் வந்தேன் பாய்.”

உள்ளேயிருந்து சத்தம் எழுந்தது. ஆண்கள் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நான் எழுந்திருக்கப் போனேன். பாய் என் தோளில் கை வைத்தார்.

“உக்காருங்க. எங்க ஜமாத்திலயும் இப்படித்தான். சத்தம் வந்தா பயமில்ல. சத்தமில்லாம எந்திரிச்சுப் போனாத்தான் பயம்.”

அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே சத்தம் அடங்கியது. அழுகுரல் கேட்டது. மறுபடி பேச்சு. கடைசியில் அந்த ஆயாம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

“வாங்கய்யா. ரொட்டி காஞ்சு போவுது.”

உள்ளே நடந்தது எனக்குப் பின்னால் துண்டு துண்டாகத்தான் தெரிய வந்தது. முதலில் எழுந்தவர் புஷ்பம். எட்வினுக்கு எதிரே போய் நின்றாராம்.

“அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இவர அந்தக் கூட்டத்துல நீங்க கண்ணால பாத்தியளா? பாத்தேன்னு சொல்லுங்க. இன்னைக்கே இவரக் கூட்டிட்டு ஊருக்குப் போயிருதேன். ஒங்க மேல ஒரு வருத்தமும் வச்சிக்கிட மாட்டேன்.”

எட்வின் வாய் திறப்பதற்குள் இன்னொரு அதிகாரி, “எட்வின், யோசிச்சுப் பேசு” என்று எச்சரித்திருக்கிறார். அதற்குத்தான் தொழிலாளர்கள் கத்தியிருக்கிறார்கள். அப்போது சாந்தி, “அவரைப் பேச விடுங்க” என்று அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார்.

“பாக்கல” என்றாராம் எட்வின். “நான் தேவதாஸைப் பாக்கல. பேர் எழுதின தாளைக் குடுத்தாங்க. கையெழுத்துப் போட்டேன்.”

நான் உள்ளே போனபோது கட்டிப்பிடித்தல் ஒன்றும் நடக்கவில்லை. தேவதாஸ் முகம் இறுகித்தான் இருந்தது. ஆனால் நடுவில் இருந்த இடைவெளியில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் அப்பத்தைப் பிட்டேன். தேவதாஸும் எட்வினும் ஒரே வரிசையில் முழங்கால் போட்டார்கள், ஒருவரையொருவர் பார்க்காமல்.

புதன்கிழமை விசாரணையிலும் எட்வின் அதையே சொன்னார். தேவதாஸ் மேலிருந்த குற்றச்சாட்டு நிற்கவில்லை. இரண்டு மாதத்தில் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எட்வினை ராஜினாமா செய்யச் சொல்லிவிட்டார்கள். ஒரு வாரத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுகிறேன் என்று இன்னொரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிட்டேனே என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் எட்வின் வீட்டுக்குப் போனேன். அவர் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“பாஸ்டர், அந்தக் கையெழுத்துப் போட்ட நாளிலேருந்து தினமும் வீட்டுல முழங்கால் போட்டேன்” என்றார். “ஆண்டவர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். ஆனா தனியா இருக்கும்போது நான் சொல்றதை நானே திருத்திக்குவேன். பிள்ளைகுட்டிக்காரன், வேற வழியில்லன்னு சேர்த்துச் சொல்லுவேன். ஆண்டவரும் ஒத்துக்கிட்ட மாதிரி இருக்கும். புஷ்பம் என் எதிர்ல வந்து நின்னு கேட்டப்ப அப்படித் திருத்த முடியல.”

தம்பி தங்கைகளே, சபை எதற்கு, வீட்டிலிருந்தே ஜெபித்தால் கேட்காதா என்று உங்களிடம் பலர் கேட்பார்கள். நானும் எத்தனையோ விளக்கம் படித்திருக்கிறேன். எட்வின் சொன்னதைவிடச் சரியான விளக்கத்தை நான் கண்டதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆராதனையை நிறுத்திவிட்டு நான் வெளியே போனதை நீங்கள் அப்படியே செய்துவிடாதீர்கள். அது தைரியமா, வேறு வழி தெரியாத கையாலாகாத்தனமா என்று எனக்கு இன்றும் தெரியாது. முதல் வாரமே அவர்களை ஒரே பாயில் உட்கார வைத்திருந்தால் அதற்கு அவசியமே வந்திருக்காது. அந்த இரண்டு மாதத்தை வீணாக்கியது நான்தான்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்த நாளில் தொழிலாளர்களைக் காம்பவுண்டுக்குள் விடவில்லை. தேவதாஸும் இன்னும் ஆறு பேரும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். உள்ளேயிருந்து கேட் வரைக்கும் சாமானைத் தூக்கி வர அதிகாரிகள் வருவார்களா என்று எனக்குச் சந்தேகம். மேனேஜர் கண்ணில் பட்டால் அவர்களுக்கும் வம்பு. இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவர், “யோசிச்சுப் பேசு” என்று எச்சரித்தவர். கட்டிலின் ஒரு முனையை அவர் கேட்டுக்குள் நின்று நீட்ட, வெளியே நின்று தேவதாஸ் வாங்கினார். பாய் தன் மண்டி லாரியை அனுப்பியிருந்தார். எங்கே போவது என்று எட்வின் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. புஷ்பம் முடிவு செய்துவிட்டார். ஜூஜுவாடியில் அவர்கள் வீட்டுக்கு அடுத்த வாசல் காலியாக இருந்தது.

சாந்திக்கு லைன் வீடு பழக்கமில்லை. ஒன்பது வீட்டுக்கு ஒரு குழாய். முதல் வாரம் குடத்தை வைத்துக்கொண்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றிருக்கிறார். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா, “பன்னி, பன்னி” என்று இழுத்துத் தன் முன்னால் நிறுத்திக்கொண்டாராம். பன்னி என்றால் கன்னடத்தில் வாங்க என்று அர்த்தம் என்பதைப் புஷ்பம் விளக்கிச் சொல்லும் வரை சாந்தி திட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தார். அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரிப்பார்கள். தேவதாஸும் எட்வினும் பேசிக்கொள்ள இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது. முதலில் பேசியது தண்ணீர் மோட்டார் ரிப்பேரைப் பற்றி என்று கேள்விப்பட்டேன். ஆறு மாதத்துக்குப் பிறகு எட்வினுக்கு அத்திப்பள்ளியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு. ஆனாலும் அந்த லைன் வீட்டை விட்டு அவர்கள் உடனே போகவில்லை.

வேலை கிடைப்பதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்குச் சொல்ல ஆறுதல் வார்த்தைகளை வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. உள்ளே கால் வைக்க இடமில்லை. சஸ்பெண்ட் ஆன மற்றப் பத்துப் பேரில் பாதிக்கு மேல் அங்கே இருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட எங்கள் சபைக்காரர் கிடையாது. கம்பெனி அனுப்பிய ஆங்கில நோட்டீஸ்களைக் கையில் வைத்திருந்தார்கள். எட்வின் தரையில் உட்கார்ந்து, ஒரு ஸ்டூலின் மேல் டைப்ரைட்டரை வைத்து, ஒவ்வொருவருக்கும் பதில் அடித்துக்கொண்டிருந்தார். “அன்னைக்கு எங்க நின்னீங்க? பாத்ததை மட்டும் சொல்லுங்க, கேள்விப்பட்டது வேண்டாம்” என்று ஒருவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சொன்னதைத் தேவதாஸ் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். புஷ்பம் எல்லோருக்கும் டீ கொண்டு வந்தார். குழந்தை அவர் இடுப்பில் இருந்தது.

நான் வாசலிலேயே நின்றேன். “ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போகலாம்னு வந்தேன்” என்றேன்.

ஓரமாகத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த சாந்தி நிமிர்ந்து பார்த்தார்.

“இவங்க பதில் குடுக்கத் திங்கக்கிழமை கடைசி நாள் பாஸ்டர். இன்னும் நாலு பேருது பாக்கி இருக்கு. கொஞ்சம் உள்ள வந்து உக்காருங்க. நகல் எடுக்க இந்தத் தாளுக்கு நடுவுல கார்பன் வெச்சு வெச்சுக் குடுத்தா அவருக்குச் சீக்கிரம் முடியும்.”

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். இரண்டு பேர் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். மதியம் வரை கார்பன் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.